சத்தியக்கடதாசி

மேனகாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. நாகேஸ்வரியின் கனடா விசா மறுக்கப்பட்ட நாளிலிருந்து அவள் அரை வயிற்றோடுதான் வேலைக்குப் போய்வருகிறாள். நன்றாக மெலிந்துவிட்டாய் என்று பம்பலப்பிட்டி அலுவலகத்தில் ஆளுக்கு ஆள் பாராட்டுகிறார்கள். அது வேறு எரிச்சல்.

நாகேஸ்வரி, மேனகாவின் கணவன் வரதராசாவுக்கு நேர் மூத்த அக்கா. கல்யாணம் செய்யாதவள். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருக்கும் அவர்களுடைய பிளட்டில்தான் சில வருடங்களாக இருக்கிறாள். எல்லோருக்கும் மூத்தவள் புவனேஸ்வரி, கொட்டாஞ்சேனையில். அந்தப் புவனேஸ்வரியின் ஒரே மகள் யதுஷா இப்போது ரொறொன்ரோவில் ஏழு மாதக் கர்ப்பிணி. முதலில் ஒன்று கலைந்துபோய், மூன்று வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை இது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவனை விட்டுவிட்டுப் புவனேஸ்வரியால் அசைய முடியாது. அதனால், பேறு பார்க்கச் சின்னம்மா வந்தால் போதும் என்று யதுஷா நாகேஸ்வரிக்கு அழைப்புக் கடிதம் அனுப்பியிருந்தாள்.

மறுத்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. காரணங்களுக்கு நடுவே ஒரு வரி இருந்தது. உறவைப் பற்றி விண்ணப்பதாரர் தந்த தகவல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லையாம். அக்காவின் மகள், சின்னம்மா. இதில் ஒத்துப்போகாமல் இருக்க என்ன இருக்கிறது? யாரோ எதையோ சொல்லிக் கெடுத்திருக்கிறார்கள். யாரோ பெயர் போடாமல் முறைப்பாடு எழுதி, பெட்டிசம் போட்டிருக்கிறார்கள். மதில் கட்டினால் பெட்டிசம், மாடி எழுப்பினால் பெட்டிசம், நாய் குரைத்தால் பெட்டிசம் என்று வாழ்கிற ஊரில் விசாவுக்கு மட்டும் போடமாட்டார்களா என்ன!

பெட்டிசம் போட்டது யார் என்று மேனகா தேடிக்கொண்டிருந்தபோதே, போன வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் வைத்து அந்தச் சந்தேகம் அவள் தலையிலேயே வந்து இறங்கியது. புவனேஸ்வரி யாரிடமோ சொல்லி, அந்த யாரோ வேறு யாரிடமோ சொல்லி, கடைசியில் அர்ச்சனைத் தட்டோடு நின்ற மேனகாவின் காதுக்கு வந்தது. “சமைச்சுப் போட ஆள் இல்லாமல் போயிடும் எண்டு வீட்டுக்காரியே கெடுத்திருப்பாள்.”

அன்றைக்குப் பிரசாதமும் இறங்கவில்லை.

இன்றைக்கு மறுபடியும் விண்ணப்பம் போடுகிற நாள். இந்தக் கிழமைக்குள் போட்டால்தான் பிள்ளை பிறப்பதற்குள் பதில் வரும் என்று படிவம் நிரப்பித் தருகிற கிருபாகரன் சொல்லியிருந்தான். மேனகா அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டாள். இந்த முறை எல்லாம் தன் கண்ணுக்கு முன்னால்தான் நடக்க வேண்டும் என்று அவளுக்கு வீம்பு. விசா கிடைக்கவேண்டும், கெடுத்தது நானில்லை என்று கொட்டாஞ்சேனைக்குத் தெரியவேண்டும்.

காலையில் தேத்தண்ணி போடப் போனவள், பல்கனியில் நாகேஸ்வரியின் குரல் கேட்டு அப்படியே நின்றாள். கடல் இரைச்சலுக்கு மேலாகவும் கேட்டது.

“இல்லையக்கா. என்ர வாயால ஒண்டும் வரேல்லை. நான் ஏன் சொல்லப்போறன்?”

மேனகாவின் நிழல் விழுந்ததும் நாகேஸ்வரி போனை நிறுத்திச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். ஐம்பத்துமூன்று வயதுப் பெண், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விழித்தாள். யார் என்று மேனகா கேட்டாள். பெரியக்காதான், சும்மா சுகம் விசாரித்தவ என்று பதில் வந்தது. சுகம் விசாரிப்பதற்கு ‘என் வாயால் ஒன்றும் வரவில்லை’ என்பது என்ன பதில் என்று மேனகா கேட்கவில்லை. தேத்தண்ணியில் இரண்டாம் தரமும் சீனியைப் போட்டுவிட்டு, அதை வரதராசாவுக்குக் கொடுத்தாள்.

வரதராசா ஒரு நல்ல மனுசன். நல்ல மனுசன் என்றால், வீட்டில் நெருப்புப் பிடித்தாலும் முதலில் பேப்பரை வாசித்து முடிக்கிற நல்ல மனுசன். உங்கள் இரண்டு அக்காமாரும் எதையோ மறைக்கிறார்கள் என்று மேனகா குசுகுசுத்ததற்கு, நீர் சும்மா விடும், அவை சின்ன வயசிலிருந்து அப்படித்தான் என்றார். தேத்தண்ணி இனிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

குசினி மேசையில் கண்ணாடிப் போத்தல் ஒன்று இறுக்க மூடியபடி இருந்தது. சரக்குத்தூள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக்கறி வைப்பதற்காக நாகேஸ்வரி பார்த்துப் பார்த்து வறுத்து இடித்தது. விசா மறுக்கப்பட்ட பிறகு அந்தப் போத்தலை எடுத்து உள்ளே வைக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை, திறக்கவும் வரவில்லை. சாப்பிடுகிற நேரங்களில் எல்லோரும் அதைச் சுற்றித்தான் கோப்பை வைத்தார்கள். போகவே விருப்பமில்லாதவள் இப்படி ஒரு போத்தலைக் காத்துக்கொண்டிருப்பாளா என்று மேனகா யோசித்தாள். அப்படியானால் போகக்கூடாது என்று நினைப்பது யார்? அவளுக்கு விடை கொட்டாஞ்சேனைப் பக்கம்தான் தெரிந்தது.

கொட்டாஞ்சேனைக்கு எப்படியும் போகத்தான் வேண்டும். யதுஷாவின் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தின் மூலப்பிரதி புவனேஸ்வரியிடம் இருந்தது. போன முறை கொடுத்த பிரதி மங்கல் என்று கிருபாகரன் சொல்லியிருந்தான். காலி வீதிக்கு வந்து, ஓட்டோக்காரனோடு சிங்களத்தில் பேரம் பேசி ஏறிக்கொண்ட மேனகா, கொம்பனித்தெருவின் புதுக் கட்டடங்களைத் தாண்டும்வரை புவனேஸ்வரியிடம் எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்தாள். முதலில் அன்பாக. பிறகு நறுக்கென்று. கடைசியில் அழுகையோடு. எதற்கும் தேவை வரவில்லை. புவனேஸ்வரி கதவைத் திறக்கும்போதே சண்டைக்கு ஆயத்தமாக நின்றாள்.

சென் லூசியா தேவாலயத்து மணி கேட்கிற தூரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அந்த வீடு. உள்ளறையில் புவனேஸ்வரியின் கணவர், வரதராசாவின் அத்தான், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். புவனேஸ்வரி சாட்சிப்பத்திரத்தைத் தேடுகிறேன் என்று அலுமாரியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். எங்கே வைத்தேனோ என்றாள். நாளைக்குத் தேடி அனுப்பட்டுமா என்றாள். தேடுகிற பெண்ணின் கை ஒரு முறைகூடக் கீழ்த்தட்டுக்குப் போகவில்லை என்பதை மேனகா கவனித்துக்கொண்டே இருந்தாள்.

“பெரிய மச்சாள், கீழ்த்தட்டில பாருங்கோவன்.”

புவனேஸ்வரி நிமிர்ந்தாள்.

“ஏன் மேனகா, உமக்கு என்ன அவசரம்? அவள் போனால் உம்மட வீட்டில ஆர் சமைக்கிறது? உம்மட பொடியளை ரியூசனுக்கு ஆர் கூட்டிக்கொண்டு போறது?”

“அதுக்காகத்தான் நான் பெட்டிசம் போட்டனான் எண்டு கோயிலெல்லாம் சொல்லித் திரியிறீங்களோ?”

அத்தான் படுத்திருந்த அறையிலிருந்து ஒரு முனகல் வந்தது. இரண்டு பேரும் கொஞ்சம் தணிந்தார்கள். தன்னுடைய மகளுக்குப் பேறு பார்க்க ஒருத்தி போவதை ஒரு தாய் தடுப்பாளா என்று எந்தப் பெண்ணும் கேட்டிருப்பாள். மேனகாவும் கேட்டாள். அதற்குப் புவனேஸ்வரியின் முகம் போன போக்கை அவள் எதிர்பார்க்கவில்லை. கோபம் முழுவதும் வடிந்து, பயம் மட்டும் மிஞ்சியது.

“நாகேசு அங்க என்ன சொன்னவள்?” என்று மெல்லக் கேட்டாள். “விசாக்காரரிட்ட ஏதும் வாய் விட்டவளோ?”

“என்னத்தை வாய் விட?”

புவனேஸ்வரி குனிந்து கீழ்த்தட்டிலிருந்து நேராகவே சாட்சிப்பத்திரம் இருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். தேடவே இல்லை. இருக்கிற இடம் அவளுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. கொடுக்கும்போது விரல்கள் ஒரு கணம் விடமாட்டேன் என்றன, மேனகா இழுத்துத்தான் எடுத்தாள்.

“அவள் போகாமல் இருக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது” என்றாள் புவனேஸ்வரி. “உமக்கு விளங்காது.”

விளங்காமல் என்ன! திரும்பி வருகிற வழியெல்லாம் மேனகாவுக்கு எல்லாம் விளங்கியது. பெற்ற தாய் நான் இருக்க, தங்கச்சியைக் கூப்பிட்டுவிட்டாளே மகள் என்ற வயிற்றெரிச்சல். யதுஷாவை வளர்த்ததில் பாதிக்கு மேல் நாகேஸ்வரிதான் என்பது குடும்பத்துக்கே தெரியும். காய்ச்சல் என்றால் முழித்திருந்ததும் அவள்தான், பரீட்சை என்றால் வாசலில் காத்து நின்றதும் அவள்தான். பிள்ளை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று புவனேஸ்வரிக்கு உள்ளுக்குள் புகைச்சல். அந்தப் புகைச்சலில் ஒரு பெட்டிசத்தைப் போட்டுவிட்டு, பழியை என் தலையில் கட்டுகிறாள். மனசுக்குள் தீர்ப்பு எழுதி, கையெழுத்தும் வைத்துவிட்டாள் மேனகா. ஆனாலும் அந்தப் பயந்த முகம் மட்டும் தீர்ப்புக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டு நின்றது.

பின்னேரம் நாகேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு கிருபாகரனிடம் போனாள். புடவைக்கடை ஒன்றுக்கு மேல்மாடியில், ஏசி இரைகிற ஒரு சின்ன அறை. போட்டோ பிரதி, மொழிபெயர்ப்பு, விசா என்று பலகையில் எழுதியிருந்தது. கிருபாகரன் ஒவ்வொரு வசனத்தையும் ‘சரியோ’ என்று முடிக்கிற ஆள். போன முறை படிவத்தை நிரப்பியதும் அவன்தான் என்பதால், மேனகாவின் சந்தேகப் பட்டியலில் அவனுக்கும் ஒரு இடம் இருந்தது. மறுக்கப்பட்ட விசயத்தை மறைக்கக்கூடாது, நேராகச் சொல்லி, பிழை எங்கே என்று காட்டி, திருத்திக் கொடுக்கவேண்டும் என்றான். ஆனால் பிழை எங்கே என்பதுதான் அவனுக்கும் தெரியவில்லை. படிவத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கடைசியில், ஒரு ஒத்திகை பார்ப்போம் என்றான். சில நேரம் அவர்கள் போனில் எடுத்து விசாரிப்பதுண்டு. என்னைத்தான் விசா அதிகாரி என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, தன் போனைக் காதில் வைத்துக்கொண்டான். பெயர் கேட்டான். வயது கேட்டான். நாகேஸ்வரி கைகளை மடியில் வைத்தபடி தெளிவாகப் பதில் சொன்னாள். தம்பி வீட்டில் இருக்கிறேன், திரும்பி வருவேன், மருமக்கள் இங்கே இருக்கிறார்கள் என்றாள். எல்லாம் நன்றாகவே போனது.

“கனடாவில ஆரைப் பார்க்கப் போறீங்கள்?”

“மகளை.”

கிருபாகரன் போனை இறக்கினான். அக்காவின் மகளை என்று சொல்லவேண்டும் அம்மா, சரியோ, என்று திருத்தினான். நாகேஸ்வரி தலையாட்டினாள். அவன் மறுபடி போனைக் காதில் வைத்தான்.

“கனடாவில ஆரைப் பார்க்கப் போறீங்கள்?”

நாகேஸ்வரியின் உதடு அசைந்தது. ‘அக்கா’ என்ற சொல்லுக்கு வாய் திறந்ததை மேனகா கண்ணால் பார்த்தாள்.

“மகளை” என்றாள் நாகேஸ்வரி.

மேனகாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. போன முறை யாராவது போன் எடுத்தார்களா என்று நேராகவே கேட்டாள். நாகேஸ்வரி தரையைப் பார்த்தாள். ஓம், ஒருக்கா எடுத்தவை என்றாள். தமிழ் கதைக்கிற ஒரு பிள்ளைதான் எடுத்ததாம். நீங்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரமாம். இதே கேள்வியைத்தான் கேட்டதாம்.

“நீங்கள் என்ன சொன்னீங்கள் மச்சாள்?”

“இப்ப சொன்னதைத்தான்.”

கிருபாகரன் நாற்காலியில் சாய்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தான். படிவத்தில் பிள்ளைகள் இல்லை என்று இருக்கிறது, போனில் மகளைப் பார்க்கப் போகிறேன் என்கிறா, அவர்கள் மறுக்காமல் மாலையா போடுவார்கள் என்று கேட்டான். இது எங்கள் சனம் எல்லோரும் விடுகிற பிழைதான் என்றான். பெரியப்பாவின் மகனை அண்ணன் என்று எழுதிவிட்டு இரண்டு வருடம் அலைந்த ஒருவர் நேற்றும் வந்து இதே கதிரையில் இருந்துவிட்டுப் போனாராம்.

“அக்காவின்ர பிள்ளை எங்களுக்குப் பெறாமகள். வாயில வாறது மகள் எண்டுதான். அதுக்கு வெள்ளைக்காரனிட்ட ஒரு சொல் இல்லை. அவ்வளவுதான் விசயம், சரியோ?”

அவ்வளவுதான் விசயம். பெட்டிசமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒரு சொல். மேனகாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம் வந்தது. காலையில்தானே கொட்டாஞ்சேனைக்குப் போய் ஒரு நோயாளி வீட்டில் சத்தம் போட்டுவிட்டு வந்தாள். பெரிய மச்சாளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்போடு சேர்ந்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு, அவளுக்கு நல்ல பசி வந்தது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையிலிருந்து மீன் ரோல்ஸ் எடுப்பித்து, சூட்டோடு சூடாக ஒன்றைக் கடித்தாள். தேவாமிர்தமாக இருந்தது.

கிருபாகரன் இதற்குள் தட்டத் தொடங்கிவிட்டான். உறவுமுறையை விளக்கி ஒரு சத்தியக்கடதாசி. முதலில் தமிழில், பிறகு அதையே இங்கிலீசில். சமாதான நீதவான் ஸாலிஹ் நானா கீழ்க்கடையில்தான் இருக்கிறார், அவருக்கு முன்னால் ஒரு கையெழுத்து, அவருடைய முத்திரை, வேலை முடிந்தது. தட்டியதைச் சத்தமாக வாசித்தும் காட்டினான். ‘யதுஷா எனது மூத்த சகோதரியின் மகள். எங்கள் வழக்கப்படி எனக்குப் பெறாமகள். நான் பிள்ளை பெற்றவள் அல்ல. மேற்கூறியவை யாவும் உண்மை எனச் சத்தியம் செய்கிறேன்.’ அச்சடித்த தாளையும் ஒரு பேனையையும் நாகேஸ்வரிக்கு முன்னால் வைத்துவிட்டு, நானாவைக் கூட்டிவருகிறேன் என்று படியிறங்கிப் போனான்.

நாகேஸ்வரி பேனையை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். தாளைப் பார்த்தாள். மூடியைத் திரும்பவும் போட்டாள்.

“இது சத்தியக்கடதாசிதானே, மேனகா?”

பெயர்தான் அப்படி, தண்ணிக் கனெக்‌ஷனுக்கும் பள்ளிக்கூட அனுமதிக்கும் இதைத்தானே ஆளுக்கு ஆள் எழுதிக் கொடுக்கிறார்கள் என்றாள் மேனகா. இரண்டாவது ரோல்ஸ் அவள் கையில் இருந்தது. வரதராசாவும் தன் வாழ்நாளில் பத்துப் பன்னிரண்டுக்குக் கையெழுத்து வைத்திருப்பார், எதற்கு என்று அவருக்கே தெரியாது என்று சிரித்தாள்.

நாகேஸ்வரி சிரிக்கவில்லை.

“அவள் பிள்ளை பெறப் போறாள். ஒண்டு கலைஞ்சு போய் இது ரெண்டாவது. இந்த நேரத்தில பொய்ச்சத்தியம் பண்ணினால் அது ஆரின்ர வயித்தில போய் விடியும்?”

“இதில என்ன மச்சாள் பொய்?”

நாகேஸ்வரி தாளைத் திருப்பி மேனகாவின் பக்கம் வைத்தாள். ‘பெறாமகள்’ என்ற சொல்லுக்குக் கீழே விரலை வைத்தாள்.

“இந்தச் சொல்தான் பொய்.”

மேனகா வாயில் இருந்ததை விழுங்க மறந்துபோனாள். உறைப்பு நாக்கில் எரிந்தது.

பிறகு நாகேஸ்வரி சொன்னவை மிகக் கொஞ்சம். தொண்ணூற்றாறாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து கிளிநொச்சியில் ஒரு கொட்டிலில் இருந்த காலம். கட்டுகிறேன் என்றவன் ஒரு நாள் போனான், வருவான் என்று இருந்தாள், அவன் வரவில்லை. வரதராசா படிப்புக்காக முன்னரே கொழும்புக்கு வந்துவிட்டதால் அவருக்கு ஒன்றும் தெரியாது. புவனேஸ்வரிக்குக் கல்யாணமாகி நாலு வருடம், பிள்ளை இல்லை. அப்பா ஒரு இரவில் முடிவு சொன்னார். அக்காவும் தங்கையும் பிள்ளையோடு கொழும்புக்கு வந்தபோது, பிள்ளை அக்காவின் மடியில் இருந்தது.

“எல்லாரும் அக்கான்ர பிள்ளையை மகள் எண்டுதானே கூப்பிடுறது? நானும் கூப்பிட்டனான். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியேல்லை. அந்தச் சொல்லுக்கை ஒளிச்சுக்கொண்டுதான் இவ்வளவு காலமும் இருந்தனான், மேனகா.”

மேனகாவுக்கு அழுகை வந்தது. அழுகையோடு அவளுடைய சந்தேகப் புத்தியும் சும்மா இருக்கவில்லை. பல்கனியில் கேட்ட ‘என்ர வாயால ஒண்டும் வரேல்லை’ இப்போது தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. கீழ்த்தட்டுக்குப் போகாத கையும், துருத்திக்கொண்டு நின்ற அந்தப் பயந்த முகமும் உட்கார்ந்தன. புவனேஸ்வரி பொறாமைப்படவில்லை. பிள்ளை பறிபோய்விடும் என்று பயந்து செத்துக்கொண்டிருக்கிறாள்.

மேனகா குரலை அடக்கிக்கொண்டு, யதுஷாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். நாகேஸ்வரி இல்லை என்று தலையாட்டினாள். அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தைப் போடுங்கள், கடவுளுக்குத் தெரியாதா, போய்ப் பிள்ளையைப் பாருங்கள் என்று மேனகா கெஞ்சினாள். கையில் இருந்த ரோல்ஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் கிருபாகரனின் விசைப்பலகைக்கு மேலேயே வைத்துவிட்டாள்.

“பேறு பார்க்கப் போறதெண்டால் நான் பெறேல்லை எண்டு சத்தியம் பண்ணோணும்” என்றாள் நாகேஸ்வரி. “பண்ணாட்டி அவள் அங்க தனியப் பெறவேணும். எதைச் செய்யிறது எண்டு நீரே சொல்லும்.”

மேனகா ‘பெறாமகள்’ என்ற சொல்லைத் திரும்பவும் ஒரு தரம் வாசித்தாள்.

மேசையில் அவளுடைய போன் அதிர்ந்தது. யதுஷா. அங்கே அப்போதுதான் விடிகிற நேரம். திரையில் வீங்கிய கண்ணோடு அவள் முகம் தெரிந்தது. பிள்ளை உதைத்து இரவெல்லாம் நித்திரையில்லை மாமி என்றாள். அது போதாதென்று, அம்மா கொஞ்ச நேரத்துக்கு முன்னர் எடுத்து ஒரு சொல்லும் சொல்லாமல் அழுதுவிட்டு வைத்துவிட்டாவாம். கொழும்பில் என்ன நடக்கிறது, எதையாவது எனக்கு மறைக்கிறீர்களா என்று கேட்டாள். மேனகா திக்கினாள். அந்தத் திக்கல் யதுஷாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவளுடைய கண்கள் கூர்மையாயின.

“மாமி, போனைச் சின்னம்மாட்டக் குடுங்கோ.”

நாகேஸ்வரி இரண்டு கையாலும் போனை வாங்கிக்கொண்டாள். முகத்தைத் துடைக்கவில்லை. துடைக்க அவள் முகத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

“சின்னம்மா, இந்த முறை கட்டாயம் வருவீங்கள்தானே? எனக்குப் பயமாக் கிடக்கு. கையெழுத்து வைச்சிட்டீங்களோ?”

“வைக்கிறன், மகள்” என்றாள் நாகேஸ்வரி.

கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து மேனகா கேட்டு வருகிற சொல்தான். இன்றைக்குத்தான் அது அவள் காதில் விழுந்தது.

கீழிருந்து ‘சரியோ, சரியோ’ என்ற குரலும், அதற்குப் பின்னால் ஸாலிஹ் நானாவின் செருப்புச் சத்தமும் படியேறி வந்துகொண்டிருந்தன. பேனை மூடியபடியே தாளுக்கு மேல் கிடந்தது.